ராமக்காளுக்கு வந்த எண்

3 ஜூலை 2006, திங்கள்

காலையில் கரண்ட் இல்லை. பதினோரு மணிக்குத்தான் வந்தது. அதுவரை ஆபீசில் பன்னிரண்டு பேரும் மொட்டை மாடியில் நின்று பைபாஸ் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நேற்றுச் சேலத்திலிருந்து பெண் பார்க்க வந்தவர்களிடம் அம்மா, "கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லி முடித்துவிட்டாள். மாப்பிள்ளையின் அக்கா விடவில்லை. என்ன மாதிரி வேலை என்று கேட்டாள். உளறினேன். இப்போது எழுதிப் பார்க்கிறேன், சரியாக வருகிறதா என்று.

எங்களுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை லேப் வாடிக்கை. தலைமை இடம் மதுரை அண்ணா நகரில். சோழவந்தான், மேலூர், உசிலம்பட்டி என்று பதினோரு கிளைகள். கிளையில் ரத்தம் எடுத்துக் குழாய்களைப் பஸ்ஸில் மதுரைக்கு அனுப்புவார்கள். இங்கே பார்த்த முடிவைக் கம்ப்யூட்டர் வழியாகக் கிளைக்குச் செய்தியாக அனுப்புவார்கள். அந்தச் செய்தியை லைனில் ஏற்றிவிடுகிற லைப்ரரி என்கிற நிரல் தொகுப்பை எழுதியவள் நான். பெயர், எண், பரிசோதனை, அளவு எல்லாவற்றையும் பைட்டுகளாக ஒரே வரிசையில் அடுக்க வேண்டும். எங்கள் பேச்சில் சீரியலைஸ் பண்ணுவது. போய்ச் சேர்ந்ததா என்று காத்து நிற்காமல், ஒப்படைத்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட வேண்டும்.

அவ்வளவுதான். இதைச் சொல்லியிருக்கலாம். மே மாதம் நான் செய்த மாற்றத்தில் வேகம் மூன்று மடங்கானதையும், முதலாளி வெங்கடேஷ்பாபு சார் எல்லோருக்கும் பாதுஷா வாங்கிக் கொடுத்ததையும் சொல்லியிருக்கலாம். அந்த அக்கா கேட்டிருப்பாளா?

6 ஜூலை, வியாழன்

சேலத்திலிருந்து பதில் இல்லை. அம்மா போனைப் பார்த்துக்கொண்டே வெண்டைக்காய் நறுக்குகிறாள். எனக்கு ஒன்றுமில்லை. ஆனாலும் போன் அடித்தால் நானும் திரும்பிப் பார்க்கிறேன்.

11 ஜூலை, செவ்வாய்

அஸ்வத் லேப்புக்கு சர்வீசுக்குப் போய்விட்டு மதியம் திரும்பினான். என் பக்கத்து நாற்காலி அவனுடையது. உட்கார்ந்ததும் சொன்னான்.

சோழவந்தான் கிளையில் ஒரு தப்பு நடந்திருக்கிறது. ராமக்காள் என்று ஒரு அம்மா, கொடிக்காலில் வெற்றிலை கிள்ளுகிறவர். போன வாரம் அவருக்கு கிரியாட்டினின் 6.8 என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு அது. ஒன்றை ஒட்டி இருந்தால் நல்லது. 6.8 என்றால் இரண்டு சிறுநீரகமும் போன மாதிரி. உடனே மதுரைக்குக் கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். மகளுக்கு நிச்சயம் வைத்திருந்ததை நிறுத்திவிட்டார்கள். டயாலிசிசுக்காகக் கழுத்தில் குழாய் போடுவதற்கு முன்னால் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தபோது 0.9. அந்த அம்மாவுக்கு ஒன்றுமே இல்லை.

தலைமை லேப்பின் கம்ப்யூட்டரிலும் 0.9 என்றுதான் இருக்கிறதாம். அப்படியானால் கிளையில்தான் தப்பு. அங்கே தங்கப்பொண்ணு என்று ஒரு டெக்னீஷியன். திரையில் வருவதைப் பார்த்து, கார்பன் வைத்த நோட்டில் கையால் எழுதி, முதல் தாளைக் கிழித்துக் கொடுப்பது அவர்தான். அவரை வேலையிலிருந்து நிறுத்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"ஸ்கிரீன்ல அப்படித்தான் வந்துதுன்னு அந்தப் பொண்ணு சத்தியம் பண்றா," என்றான் அஸ்வத்.

வெங்கடேஷ்பாபு சார் கேட்டுக்கொண்டே வந்தார். "நம்ம மேல ஒண்ணும் இல்லல்ல? அது போதும்," என்றார்.

12 ஜூலை, புதன்

நம்ம மேல ஒண்ணும் இல்லல்ல.

14 ஜூலை, வெள்ளி

யாரிடமும் சொல்லாமல் இரண்டு நாளாகச் சோதித்துப் பார்க்கிறேன். பத்தாயிரம் பொய்ச் செய்திகளை அனுப்பினேன். பத்தாயிரமும் சரியாகப் போயின. மறுபடியும் பத்தாயிரம். சரி.

சந்தோஷப்பட வேண்டும். பட முடியவில்லை. ஒரு டெக்னீஷியன் 0.9ஐப் பார்த்து 6.8 என்று எழுதுவாளா? 0.9ஐ 9.0 என்று எழுதலாம். 0.6 என்று எழுதலாம். 6.8 எங்கிருந்து வரும்?

சாப்பாட்டு நேரத்தில் அஸ்வத்திடம் கேட்டேன். கிளைக் கம்ப்யூட்டரில் வந்த செய்திகளை அப்படியே முப்பது நாள் வைத்திருக்கும் கோப்பு ஒன்று உண்டு. எங்கள் வசதிக்காக நாங்கள் வைத்தது. லேப்பில் யாருக்கும் தெரியாது.

"எதுக்கு உனக்கு?" என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "திங்கக்கிழமை சோழவந்தான் போறேன். எடுத்துண்டு வரேன்," என்றான்.

17 ஜூலை, திங்கள்

6.8.

கோப்பில் இருக்கிறது. ராமக்காள், அவருடைய எண், கிரியாட்டினின், 6.8. அந்தப் பெண் சரியாகத்தான் எழுதியிருக்கிறாள். திரை காட்டியதை எழுதியிருக்கிறாள்.

தலைமை லேப்பின் பதிவைப் பார்த்தேன். ராமக்காளுக்கு அனுப்பியது 0.9. அதே நொடியில் அடுத்த செய்தி மேலூருக்கு. அங்கே ஒருவருக்கு உண்மையிலேயே 6.8.

எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து உட்கார்ந்ததும் காரணம் தெரிந்துவிட்டது. தேடவே வேண்டியிருக்கவில்லை. எழுதியவள் நான்தானே.

முன்பெல்லாம் ஒவ்வொரு செய்திக்கும் மெமரியில் புது இடம் எடுத்தேன். அதில் நேரம் போகிறது என்று மே மாதம் மாற்றினேன். ஒரே இடம், அதிலேயே மறுபடி மறுபடி எழுதுவது. லைன் வேகமாக இருந்தால் முதல் செய்தி போன பிறகுதான் இரண்டாவது அந்த இடத்துக்கு வரும். லைன் திணறினால் முதல் செய்தி பாதி போயிருக்கும்போதே மீதியின் மேல் இரண்டாவதை எழுதிவிடுகிறேன். ஒப்படைத்துவிட்டோம், இனி இந்த இடம் நம்முடையது என்று என் நிரல் நினைக்கிறது. ஒப்படைத்ததுதான், போய்ச் சேரவில்லை. பெயர் ராமக்காளுடையது, அளவு மேலூர்க்காரருடையது. இரண்டு செய்தியும் ஒரே நீளமாக இருந்தால் அந்தப் பக்கம் சந்தேகமே வராது. நீளம் மாறினால் கிளைக் கம்ப்யூட்டர் தள்ளிவிடும், இங்கிருந்து மறுபடி போகும்.

அப்படித் தள்ளப்பட்டவை பதிவில் நிறைய. இரண்டு மாதமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மழையில் டெலிபோன் லைன் கெட்டுப்போகிறது என்று நினைத்தேன்.

மே மாசத்துல மதுரையில என்னடி மழை?

18 ஜூலை, செவ்வாய்

லைனை வேண்டுமென்றே தாமதமாக்கி அனுப்பிப் பார்த்தோம், நானும் அஸ்வத்தும். பத்தாயிரத்தில் நான்கு மாறிப்போயின. என் கம்ப்யூட்டரில் லைன் நல்ல வேகம், அதனால்தான் வெள்ளிக்கிழமை ஒன்றும் தெரியவில்லை.

வெங்கடேஷ்பாபு சாரிடம் போனேன். கதவைச் சாத்தச் சொன்னார். கடைசி வரை கேட்டார். நல்ல மனிதர்தான். படித்து முடித்து எங்கும் வேலை கிடைக்காமல் இருந்த என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தவர்.

"சரி பண்ண எம்புட்டு நேரம் ஆகும்?"

"ஒரு மணி நேரம் சார். பழையபடி ஒவ்வொரு செய்திக்கும் தனி இடம். கடைசியில ஒரு சரிபார்ப்பு எண்ணும் சேத்துர்றேன். நடுவுல எது மாறினாலும் அந்தப் பக்கம் தெரிஞ்சிரும்."

"பண்ணிரு. இன்னைக்கே போட்டுருவோம். எதுக்கு ஊரைக் கூட்டணும்?"

"தங்கப்பொண்ணு சார்?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு சௌராஷ்டிரத்தில் பேசினார். எங்கள் இரண்டு வீட்டிலும் அந்த மொழிதான். ஆனால் ஆபீசில் அவர் ஒருநாளும் என்னிடம் அதில் பேசியதில்லை. அடுத்த மாதம் லேப்பின் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும், அது போனால் மற்றவர்களும் போவார்கள், பன்னிரண்டு வீட்டில் அடுப்பு எரிய வேண்டும், அந்தப் பெண்ணுக்கு வேறு லேப்பில் வேலை கிடைத்துவிடும் என்றார். வீட்டு மொழியில் கேட்டபோது மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை.

மாலை ஐந்தரைக்குப் புது வெர்ஷன் ஓடத் தொடங்கிவிட்டது. மாற்றியது மொத்தம் பதினொரு வரி.

20 ஜூலை, வியாழன்

சரி செய்தாகிவிட்டது. பிறகு ஏன் இப்படி?

குளிக்கும்போது தோன்றியது. ராமக்காளுக்கு நல்ல ரத்தம், கெட்ட எண் போனது. அதனால்தான் தெரிந்தது. கெட்ட ரத்தம் உள்ள ஒருவருக்கு நல்ல எண் போயிருந்தால்? அவர் ஏன் வந்து கேட்கப்போகிறார்? தாளை மடித்து வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பார்.

மே 15 முதல் ஜூலை 18 வரை. அறுபத்தைந்து நாள். பதினோரு கிளை.

அப்பா பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். சாப்பிடும்போது என்ன யோசனை என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். சாம்பாரை மோர் என்று நினைத்து ஊற்றிக்கொண்டிருந்தேன்.

22 ஜூலை, சனி

ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டுச் சோழவந்தான் போனேன். பெரியார் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறி, ஏறியதிலிருந்தே இறங்கிவிடலாமா என்று நினைத்துக்கொண்டே.

தங்கப்பொண்ணு வீட்டில் இல்லை. பக்கத்து வீட்டில் வழி சொன்னார்கள். ஆற்றுக்குப் போகிற தெருவில் ஒரு வெற்றிலை மண்டி. ஈரச் சாக்கு விரித்து ஏழெட்டுப் பெண்கள் வெற்றிலையைக் கவுளி கவுளியாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி தங்கப்பொண்ணு. என் வயதுதான் இருக்கும்.

கம்பெனியிலிருந்து வருகிறேன் என்றதும் முகம் இறுகியது. "இன்னும் என்ன கேக்கணும்? எல்லாத்தையும்தான் எழுதிக் குடுத்துட்டேனே."

"கேக்க வரல. சொல்ல வந்தேன். நீங்க பாத்தது சரிதான். ஸ்கிரீன்ல 6.8ன்னுதான் வந்துச்சு. தப்பு என்னோட புரோகிராம்ல."

அவள் கையில் இருந்த வெற்றிலைகளை அடுக்கி முடித்து, வாழைநாரால் கட்டி, ஓரமாக வைத்துவிட்டு எழுந்து வெளியே வந்தாள்.

"பத்து நாளா எங்க வீட்டுக்காரரு கடை போர்டைக் காட்டி வாசி வாசின்னு சொல்றாரு. கண்ணு கெட்டுப்போச்சான்னு பாக்குறாராம். நானும் வாசிச்சுக் காட்டுறேன்." ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். "எனக்கே அப்பிடித்தான் தோண ஆரம்பிச்சிருச்சு மேடம். நெசமாவே 0.9ன்னு வந்து நாந்தேன் மாத்தி எழுதிட்டனோன்னு."

நான் அழக்கூடாது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தேன். அழவில்லை. நான் அழுதால் அவள் என்னைத் தேற்ற வேண்டியிருக்கும்.

பிறகு அவள் கேட்டாள். "அப்ப, அது ஒண்ணுதானா? மத்ததெல்லாம்?"

"தெரியல."

"நான் இம்புட்டு நாளா எத்தனை பேருக்கு எழுதிக் குடுத்திருக்கேன். லேப்பு டாக்டரம்மாட்டச் சொல்லுங்க. எனக்கு வேலை வாங்கித் தாரதுக்கு இல்ல. அந்த நோட்டைத் திறந்து பாக்கணும்ல?"

இரண்டு நாளாக நான் மனதுக்குள் சுற்றிச் சுற்றி வந்ததை அவள் தெருவில் நின்று இரண்டே நிமிடத்தில் சொல்லிவிட்டாள்.

24 ஜூலை, திங்கள்

முதலில் வெங்கடேஷ்பாபு சார். சொல்லாமல் போவது சரியில்லை.

"இன்னைக்கு லேப்ல போய் டாக்டரம்மாகிட்டச் சொல்லப்போறேன் சார்."

இந்த முறை தமிழில்தான் பேசினார். "போனா இங்க திரும்பி வராத."

"சரி சார்."

லேப்பின் உரிமையாளர் டாக்டர் லலிதாம்பாள். அறுபது வயதிருக்கும்; வெள்ளைக் கோட்டுக்குள் காட்டன் புடவை. என்னை உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே எல்லாம் சொன்னேன். சோழவந்தான் கோப்பின் நகலை மேஜை மேல் வைத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"எத்தனை பேர்?"

"தெரியாது மேடம்."

"எப்போ தெரிஞ்சுது உனக்கு?"

"போன திங்கட்கிழமை."

"இன்னைக்கும் திங்கட்கிழமை."



அவர் போனை எடுத்து, பதினோரு கிளைகளிலிருந்தும் மே மாதத்திலிருந்து உள்ள கார்பன் நோட்டுகளை நாளைக்குள் கொண்டுவரச் சொன்னார். பிறகு சோழவந்தானைக் கூப்பிட்டு, தங்கப்பொண்ணை அனுப்பச் சொன்னார். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நோட்டுல இருக்கறதையும் எங்க ரெக்கார்டுல இருக்கறதையும் ஒவ்வொண்ணா ஒப்பிடணும். நீதான் பண்ணணும். பண்ணுவியா?"

பண்ணுகிறேன் என்றேன். அப்போதுதான் நாற்காலியைக் காட்டினார்.

25 ஜூலை, செவ்வாய்

நோட்டுகள் மூட்டையாக வந்து இறங்கின. தங்கப்பொண்ணு வாசிக்கிறாள், நான் திரையில் சரிபார்க்கிறேன். சரி. சரி. சரி. சரி. ஒரு நாளைக்கு இத்தனை பேர் ரத்தம் கொடுக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. எனக்கு அது செய்தி எண்ணிக்கை மட்டும்.

வேலை போய்விட்டது என்று வீட்டில் சொல்லவில்லை.

26 ஜூலை, புதன்

பன்னிரண்டு மணி வாக்கில் கதவு திறந்தது. வெங்கடேஷ்பாபு சார். கையில் மூன்று தயிர்சாதப் பொட்டலம். டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார் போல, முகம் வெளுத்திருந்தது. பொட்டலங்களை மேஜையில் வைத்துவிட்டு உசிலம்பட்டி நோட்டை எடுத்து இன்னொரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். மாலை ஆறு வரை எழுந்திருக்கவில்லை.

எனக்கு வேலை இருக்கிறதா இல்லையா என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

29 ஜூலை, சனி

இதுவரை எட்டு. எட்டு பேருக்கு மாறிப்போயிருக்கிறது. ராமக்காளைத் தவிர மற்றவை சின்ன வித்தியாசம். 1.0க்குப் பதில் 0.8. 112க்குப் பதில் 121. டாக்டரம்மா ஒவ்வொன்றாகப் பார்த்து, "பாதகமில்லை" என்று பென்சிலில் எழுதுகிறார்.

தப்பிச்சிட்டோமா? இப்படி நினைக்கலாமா?

31 ஜூலை, திங்கள்

ஒன்பதாவது.

தங்கப்பொண்ணு வாசித்தாள். "ஜூன் ஒம்பது. மலையாண்டி, வயசு நாப்பத்தொண்ணு, கப்பலூர். கிரியாட்டினின் 1.1."

என் திரையில் 5.4.

இன்னொரு முறை வாசிக்கச் சொன்னேன். அவள் வாசிக்கவில்லை. எழுந்து வந்து என் திரையைப் பார்த்தாள்.

"இவரை எனக்குத் தெரியும்," என்றாள். "மாரியம்மன் திருவிழாவுக்கு மாமியார் வீட்டுக்கு வந்தவரு. கப்பலூர்ல ஏதோ கம்பெனியில வேலைன்னாரு. முதுகு வலி, வாந்தின்னு டாக்டர் எழுதிக் குடுத்து வந்தாரு. நார்மல்ணே, ஒண்ணுமில்லேன்னு நாந்தேன் சொன்னேன். சிரிச்சுக்கிட்டுப் போனாரு."

ஐம்பத்திரண்டு நாள். போன் நம்பர் இல்லை. விலாசம் என்ற இடத்தில் ஒரே சொல், கப்பலூர். தங்கப்பொண்ணு போன் செய்து மாமியார் வீட்டை விசாரிக்கச் சொன்னாள். பூட்டியிருக்கிறது, எல்லோரும் கரும்பு வெட்டப் போயிருக்கிறார்கள், எந்த ஊர் என்று தெரியாது.

1 ஆகஸ்ட், செவ்வாய்

காலை எட்டு மணிக்கெல்லாம் நானும் தங்கப்பொண்ணும் கப்பலூரில் இறங்கிவிட்டோம். தொழிற்பேட்டை எவ்வளவு பெரியது என்று அங்கே போய்த்தான் தெரிந்தது. அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக் குழாய், நூல், ரப்பர். ஒவ்வொரு கேட்டிலும் நின்று மலையாண்டி என்று ஒருவர் இருக்கிறாரா என்று கேட்டோம். இரண்டு இடத்தில் விரட்டினார்கள். ஒரு இடத்தில் மலையாண்டி இருந்தார், வயது இருபது.

பதினைந்தோ பதினாறோ கேட் இருக்கும். ஒரு பட்டறை வாட்ச்மேன், கருப்பு என்று பெயர், "லேத்து ஓட்டுற மலையாண்டியா? ரெண்டு வாரமா ஆளு வரலையேத்தா. காலெல்லாம் வீங்கிப்போச்சுன்னாக" என்றார். வரிசை வீடுகளைக் காட்டினார். தங்கப்பொண்ணு ஓட ஆரம்பித்தாள். நானும் ஓடினேன்.

கட்டிலில் படுத்திருந்தார். முகம் ஊதியிருந்தது. அரைத் தூக்கம் மாதிரி ஒரு மயக்கம். கூப்பிட்டால் கண் திறக்கிறார், பேசவில்லை. மனைவி எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, "வாயுன்னு கசாயம் வச்சுக் குடுத்துக்கிட்டு இருக்கோம். நாங்க அப்பவே ரத்தமெல்லாம் பாத்துட்டோம்மா. ஒண்ணுமில்லேன்னு எழுதிக் குடுத்திருக்காக" என்று சாமி படத்துக்குப் பின்னாலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்த தாளை எடுத்துக் காட்டினார்.

1.1.

தங்கப்பொண்ணுதான் பேசினாள். "அக்கா, இது என் எழுத்துதேன். ஆனா இது தப்பு. எதையும் எடுக்க வேணாம். அப்பிடியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க."

கருப்பு ஆட்டோ பிடித்துக் கொடுத்தார். பட்டறையிலிருந்து இரண்டு பேர் வந்து தூக்கி ஏற்றினார்கள். வழி முழுக்க அந்த அக்கா தாளை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

2 ஆகஸ்ட், புதன்

9.1. இரண்டு சிறுநீரகத்தையும் கல் அடைத்திருக்கிறது. டாக்டர் லலிதாம்பாள் நேற்றே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். அங்கே உள்ள டாக்டரிடம் எதையும் மறைக்காமல் சொன்னார். தன் லேப்பின் தவறு என்றார். எங்கள் கம்பெனியின் பெயரைக்கூடச் சொல்லவில்லை.

ஜூன் மாதமே வந்திருந்தால் இரண்டும் பிழைத்திருக்கும் என்று அந்த டாக்டர் சொன்னார். இப்போது ஒன்றைப் பற்றித்தான் நம்பிக்கை.

5 ஆகஸ்ட், சனி

ஆபரேஷன் முடிந்தது. கண் விழித்தார். நான் உள்ளே போகவில்லை.

9 ஆகஸ்ட், புதன்

மலையாண்டியின் மனைவி வராந்தாவில் கேட்டார். "யாரு தப்பும்மா இது? அந்த எழுதுன பொண்ணா? டாக்டரம்மாவா?"

"நான்தான்க்கா. நான் எழுதுன புரோகிராம்."

அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். திட்டுவார் என்று நின்றுகொண்டிருந்தேன். டம்ளரை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். கழுவிவிட்டு வேறு வழியாக உள்ளே போய்விட்டார்.

11 ஆகஸ்ட், வெள்ளி

வீட்டில் சொல்லிவிட்டேன். அம்மா, "இதை யாருகிட்டயும் சொல்லாத, சேலத்துக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்" என்றாள். அப்பா கைகழுவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "விடைத்தாள் திருத்துறப்ப ஒரு தடவை ஒரு பையனுக்குக் கூட்டல் தப்பாப் போட்டுட்டேன். அவன் ஃபெயிலாயிட்டான். தெரிஞ்சப்ப வருஷம் போயிருச்சு. நான் போய்ச் சொல்லலை," என்றார். இத்தனை வருடத்தில் அவர் இதைச் சொன்னதே இல்லை.

21 ஆகஸ்ட், திங்கள்

ஒன்பது பேருக்கும் கடிதம் போனது. என்ன நடந்தது என்று பாமரத் தமிழில் நான் எழுதினேன். டாக்டரம்மாவும் வெங்கடேஷ்பாபு சாரும் கையெழுத்துப் போட்டார்கள். கையெழுத்துப் போடும்போது அவர் பேனா ஒரு கணம் நின்றது. பிறகு போட்டுவிட்டார்.

ஒரு கடிதம் சோழவந்தான் கிளையின் சுவரில் ஒட்டப்பட்டது. தங்கப்பொண்ணு கேட்டது அது ஒன்றுதான். தப்பு அவளுடையதல்ல என்று, பெரிய எழுத்தில், ஊரார் படிக்கும்படி. வேலைக்குத் திரும்பிவிட்டாள்.

ராமக்காள் வீட்டுக்கு நேரில் போய்க் கொடுத்தோம். மகளின் நிச்சயம் திரும்ப நடக்கவில்லை. அந்த வீட்டார் வேறு இடம் பார்த்துவிட்டார்கள். ராமக்காள் கடிதத்தை வாங்கி மகளிடம் கொடுத்தார். "நீயே படிச்சுக்க," என்றார். அவள் எங்கள் முன்னால் படிக்கவில்லை.

15 செப்டம்பர், வெள்ளி

டாக்டரம்மா ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார். வேறு நிபந்தனைகளுடன். அளவு ஆபத்தாக இருந்தாலும், பழைய முடிவுக்கும் புதியதுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தாலும் கிளையில் இருப்பவர்கள் எங்களைப் போனில் கேட்டு உறுதி செய்த பிறகுதான் எழுத வேண்டும். போனை எடுக்க வேண்டிய பொறுப்பில் என் பெயரும்.

ஆனால் விஷயம் கேள்விப்பட்டு வேறு இரண்டு வாடிக்கையாளர்கள் போய்விட்டார்கள். ஏழு பேர் வேலையை விட்டார்கள். பைபாஸ் ரோட்டு மாடியைக் காலி செய்தோம். அஸ்வத் பெங்களூருக்குக் கிளம்பினான். "நீ சொன்னது சரிதான். ஆனா எனக்கு வேலை வேணும்," என்றான். கோபமில்லாமல்தான் சொன்னான். போன பிறகு அவன் நாற்காலியை நகர்த்தி வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இப்போது ஆபீஸ் என்பது வெங்கடேஷ்பாபு சார் வீட்டு முன்னறை. ஐந்து பேர். சமையலறையில் தாளிக்கும் சத்தம் கேட்கிறது. அவர் ஒருமுறைகூட என்னைக் குத்திப் பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை.

24 செப்டம்பர், ஞாயிறு

சேலம் வேண்டாம் என்றுவிட்டது. அம்மா மூன்று நாளாகப் பேசவில்லை.

12 அக்டோபர், வியாழன்

மலையாண்டி சோழவந்தானில் மாமியார் வீட்டில் இருக்கிறாராம். ஒரு சிறுநீரகம் போனது போனதுதான். மற்றது எந்த அளவுக்குத் தேறும் என்று சொல்ல முடியாது என்கிறார்கள். இன்று 3.4. அதிலேயே நின்றுவிடுமா? மேலே ஏறுமா? லேத்து முன்னால் இனி நிற்க முடியாது. வாட்ச்மேன் கருப்பு சொல்லி, பட்டறையில் உட்கார்ந்து பார்க்கிற வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்களாம்.

இதையெல்லாம் தங்கப்பொண்ணுதான் சொல்கிறாள். நான் அவரைப் போய்ப் பார்க்கவில்லை. பார்த்து?

7 நவம்பர், செவ்வாய்

காலையிலிருந்து மழை. பதினொன்றரைக்குச் சோழவந்தானிலிருந்து போன் வந்தது.

"பிரியா, மலையாண்டி அண்ணனுக்கு முடிவு வந்திருக்கு. 1.9ன்னு இருக்கு. போன மாசம் 3.4. இம்புட்டு இறங்குமா? நான் இன்னும் எழுதல."

"எழுதாதீங்க. இருங்க."

பதிவைத் திறந்தேன். அனுப்பியது 1.9. வந்தது 1.9. சரிபார்ப்பு எண் பொருந்துகிறது. அதற்கு முந்தைய செய்தி யாருடையது, பிந்தைய செய்தி யாருடையது, இரண்டிலும் 1.9 இல்லை. அப்படியும் மனம் கேட்கவில்லை. இன்னொரு போனில் தலைமை லேப்பைக் கூப்பிட்டு, கம்ப்யூட்டரைப் பார்க்க வேண்டாம், மெஷினிலிருந்து வந்த தாளைப் பார்த்து வாசிக்கச் சொன்னேன். அவர்கள் எடுத்து வர நான்கு நிமிடம் ஆனது. குழாயில் ஒட்டிய எண்ணையும் வாசித்தார்கள். 1.9. ஏற்கெனவே சந்தேகப்பட்டு இரண்டாம் முறையும் ஓட்டிப் பார்த்தார்களாம். அப்போதும் 1.9.

சோழவந்தான் லைன் அப்படியே இருந்தது. "சரிதான். எழுதுங்க," என்றேன்.

தாள் கிழிபடும் சத்தம் கேட்டது. ரிசீவரை மேஜை மேல் வைத்துவிட்டாள் போல. தூரத்தில், "எம்புட்டுத்தா இருக்கு?" என்று ஒரு ஆண் குரல். எனக்குப் பழக்கமில்லாத குரல். மலையாண்டி பேசி நான் கேட்டதே இல்லை.

தங்கப்பொண்ணு எண்ணை வாசித்தாள். அவர் மறுபடி கேட்டார். மறுபடி வாசித்தாள்.

நான் போனை வைக்கவில்லை.